கணுக்காலுக்கு மேலே நான்கு விரல்

என் அண்ணிக்குப் பிடிக்காத சொல் ‘ஏறக்குறைய’. உலைக்கு ஏறக்குறைய தண்ணீர் விடுபவர்கள், பேருந்து ஏறக்குறைய எட்டு மணிக்கு வரும் என்பவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறக்குறைய நூறு இருந்தது என்று சொல்லும் தாய்மார்கள் எல்லோர் மேலும் அவருக்கு ஒரே அளவு எரிச்சல். “தெர்மாமீட்டர்ல அப்படி ஒரு கோடு இருக்கா?” என்று கேட்டுவிடுவார்.

பத்தொன்பது வருடம் ஆபரேஷன் அறையில் நர்ஸாக நின்றவர். வயிற்றுக்குள் போன பஞ்சும் வெளியே வந்த பஞ்சும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாமல் தையல் போட விடமாட்டார். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவரை முக்கால் மணி நேரம் ஊசியும் கையுமாக நிறுத்தி வைத்தாராம்.

“கடைசியில பஞ்சு கிடைச்சதா அண்ணி?”

“கிடைச்சது.”

“எங்க?”

“டாக்டரோட செருப்புக்கு அடியில.”

காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்தபிறகு, நின்றே செய்யும் வேலை ஆகாது என்றாகிவிட்டது. பெண்கள் பள்ளி ஒன்றில் சிக் ரூம் நர்ஸாகச் சேர்ந்தார். நான் ஏழு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அண்ணன் வீட்டில் பெட்டியை இறக்கியபோது அவர் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கோ வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அண்ணி, “நடந்து நடந்து தரையைத் தேய்க்காதடி. எங்கூட வந்து நோட்டு எழுது. உன் கையெழுத்தாவது உருப்படியா இருக்கு” என்றார். அப்படித்தான் நான் அந்த அறைக்குள் போனேன்.

இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை, கை கழுவும் தொட்டி, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு அலமாரி. அலமாரியில் பஞ்சு, பிளாஸ்திரி, நாப்கின் பாக்கெட்டுகள், ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு. மாத்திரை ஒன்றுகூடக் கிடையாது. அண்ணி வருவதற்கு முந்தைய வருடம் ஏதோ ஒரு மாத்திரை கொடுத்து ஒரு பெண்ணுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். அவளுடைய அப்பா வந்து போட்ட சத்தத்தில், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் எதுவும் கொடுக்கக்கூடாது என்று நிர்வாகம் விதி போட்டுவிட்டது.

விதி என்னவோ சரிதான். ஆனால் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து வருவாள். கடிதம் மறுநாள் வரும். சில வீடுகளிலிருந்து வரவே வராது. “பீரியட்ஸ்னு எழுத அம்மாவுக்கு வெக்கம் சிஸ்டர், அப்பாதான் கையெழுத்துப் போடுவாரு” என்றாள் ஒருத்தி. அதற்குள் வலி தானே வந்து தானே போயிருக்கும்.

வந்தவர்களை அண்ணி திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைப்பார். கேள்வி கேட்க மாட்டார். அவருக்கே பதினைந்து வயதில் மாதம் இரண்டு நாள் அந்த வலி இருந்தது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பாராம். அந்த வீட்டில் தாழ்ப்பாள் இருந்த கதவு அது ஒன்றுதான். “மருந்தைவிட முக்கியம் என்ன தெரியுமா? யாரும் பாக்காம முகத்தைச் சுளிக்க ஒரு இடம்” என்று சொன்னார்.

பிரச்சினை அந்த இடத்துக்குத்தான் வந்தது. தலைமையாசிரியையின் அறையில் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று அனல் கக்கிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவைக்க அவருக்கு ஒரு அறை வேண்டும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் பார்ப்பவர், அவ்வளவுதான்.

“ரெண்டு கட்டில். ஒரு நாளைக்கு மூணு பொண்ணு, நாலு பொண்ணு வருது. வந்து படுத்துட்டு, பெல் அடிச்சா வீட்டுக்குப் போகுது. இதுக்கு ஒரு முழு ரூமா சிஸ்டர்?”

அந்த நேரம் பார்த்து, பிசியோதெரபி படித்த பழைய தோழி ஒருவர் நடத்திய மூன்று நாள் அக்குபிரஷர் பயிற்சிக்கு அண்ணி போய் வந்திருந்தார். மாதவிடாய் வலிக்கு மருந்தில்லாமல், விரலால் அழுத்தியே கொஞ்சம் தணிக்கலாம் என்பது அதில் ஒரு பாடம். கணுக்காலின் உள்பக்கத்து எலும்பிலிருந்து நான்கு விரல் மேலே, கால் எலும்பின் பின் ஓரத்தில் ஒரு இடம். கட்டைவிரலால் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, தளர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். பிறகு மறு கால்.

“வந்து படுத்துட்டு மட்டும் போகமாட்டாங்க மேடம். வலி குறைஞ்சு வகுப்புக்குத் திரும்பிப் போவாங்க” என்றார் அண்ணி.

“நிஜமாவா?”

“எனக்குத் தெரியாது. எண்ணிப் பாத்துச் சொல்றேன்.”

தலைமையாசிரியை ஒரு பருவம் தவணை கொடுத்தார். பருவ முடிவில் நோட்டைக் காட்ட வேண்டும். பிரயோஜனம் இருந்தால் அறை இருக்கும், இல்லையென்றால் ஜெராக்ஸ் மெஷினுக்கு.

அண்ணி செய்த முதல் வேலை, அந்த ‘நான்கு விரல்’ என்பதைத் திருத்தியது. விரல் என்பது ஒரு அளவா? இறுக்கி வைத்தால் ஒன்று, தளர்த்தி வைத்தால் ஒன்று. தன் நான்கு விரலைச் சேர்த்து ஸ்கேலில் வைத்து அளந்தார். ஏழு சென்டிமீட்டர், எட்டு மில்லிமீட்டர். பழைய ஃபைல் அட்டைகளைக் கொண்டுவந்து, சரியாக அந்த நீளத்துக்கு நாற்பது துண்டு வெட்டினார். ஒரு முனையில் ‘எலும்பு’ என்று எழுதி, மறுமுனையில் ஒரு அம்புக்குறி. மேலே பிளாஸ்டிக் ஒட்டி வகுப்புக்கு இரண்டாக அனுப்பினார். சிக் ரூமுக்கு வருகிற பெண்ணின் காலில் அட்டையை வைத்து, அம்பு காட்டும் இடத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைப்பார். பிறகு அழுத்துவார். முன்னால் வலி எத்தனை, பின்னால் எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் கேட்பார். நான் எழுதுவேன்.

ஏழு, பின்னால் ஏழு. எட்டு, பின்னால் ஏழு. ஆறு, பின்னால் ஆறு.

இரண்டு மாதம் இப்படியே போனது. பத்தாம் வகுப்பில் வாலிபால் ஆடும் உயரமான பெண் ஒருத்திக்கு மட்டும் எட்டு மூன்றாக இறங்கியது. மற்றவர்கள் அழுத்திய மரியாதைக்காக ஒரு மதிப்பெண் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது. அண்ணி இன்னும் பலமாக அழுத்தினார். ஒரு பெண்ணின் காலில் கன்றிப்போய், அவளுடைய அம்மா போன் செய்து கேட்டார்: “வயித்து வலின்னு வந்த பிள்ளையக் கால் வலியோட அனுப்புறீங்களே, என்ன பள்ளிக்கூடம் அது?”

கணக்கு டீச்சர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போவார். “என்ன சிஸ்டர், காலைக் கறந்தா பால் சுரக்குதா?” என்று ஒருநாள் கேட்டார். இன்னொரு நாள், “இந்த வலி என் பீரியட்ல மட்டும்தான் வருது, கவனிச்சீங்களா?” என்றார்.

“கவனிச்சேன் டீச்சர். நீங்க வந்தா எனக்கும் லேசா வருது.”

வாய் பேசினாலும் வீட்டுக்கு வந்தால் கடுகடுப்புதான். கதவை, பாத்திரத்தை, என் அண்ணனை எதையும் மெதுவாக வைக்க முடியவில்லை. அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் ஒதுங்கிவிடுவார். எனக்கும் பொறுமை போய்விட்டது. ஒரு மாலை நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னேன்.

“அண்ணி, இந்த ஏழை அஞ்சாக்கினா யாருக்குத் தெரியப் போகுது? ரூம் நிக்கும்.”

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் நோட்டை மூடினேன்.

“பஞ்சு உள்ள இருந்தா வெளியில யாருக்கும் தெரியாதுதான். வெச்சுத் தைச்சவளுக்குத் தெரியும். போய்ப் படு.”

எட்டாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பள்ளி முழுக்க அவளுக்கு ‘குருவி’ என்று பெயர். வரிசையில் எப்போதும் முதல் ஆள். பையை மாட்டினால் பைதான் நடந்து வருவது போலிருக்கும். அவளுக்கு வலி வந்தால் வாந்தியும் கூடவே வரும். இரண்டு மாதமும் வந்து, அட்டை காட்டிய இடத்தில் அண்ணியின் கட்டைவிரலைத் தாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது முறை வந்தபோது, “சிஸ்டர், நீங்க அமுக்குற இடத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் கீழதான் சுருக்குன்னு இருக்கு” என்றாள்.

“அட்டை எங்க காட்டுது?”

“இங்க.”

“அப்ப இங்கதான்.”

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது முறை அவள் வந்தபோது, கை உடைந்த ஒரு பெண்ணுக்கு அண்ணி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குருவி திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“மூணு சிஸ்டர்.”

“என்ன மூணு? வந்தப்ப எட்டுன்னு சொன்ன.”

“இப்ப மூணு. நானே அமுக்கிக்கிட்டேன்.”

“அட்டை என் மேசை மேல இல்ல இருக்கு?”

“அட்டை இல்லாமத்தான். நாலு விரல்தானே. வெச்சுப் பாத்தேன்.”

“எங்க, வெச்சுக் காட்டு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மறு தொடை மேல் போட்டு, தன் நான்கு விரலையும் சேர்த்து எலும்பின் மேல் வைத்தாள். குச்சி குச்சியான விரல்கள். அது முடிந்த இடம், அட்டையின் அம்பு காட்டி வந்த இடத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் கீழே இருந்தது.

அண்ணி தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அண்ணியின் கை பெரியது. ஆபரேஷன் அறையில் ஆண் டாக்டர்கள் போடும் எட்டாம் நம்பர் கையுறைதான் அவருக்கு. வளையல் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் பரணில் ஏறுவார். அந்தக் கை குருவியின் மெலிந்த காலில் பாதியை மறைத்துக்கொண்டு கிடந்தது.

அண்ணி கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “நீ வகுப்புக்குப் போ” என்று குருவியிடம் சொன்னார். அவள் போனதும் என்னிடம், “அவங்கவங்க விரல். அவங்கவங்க நாலு விரல். என் தோழி அதைத்தான் சொல்லிக்குடுத்தா. நான் என் கையை வெட்டி நாப்பது பேருக்குக் குடுத்திருக்கேன்” என்றார். குரல் தணிந்திருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வாலிபால் பெண்ணுக்கு ஏன் குறைந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவள் கையும் அண்ணியின் கைதான்.

அன்றைக்கே வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி அட்டைகளைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொரு வகுப்பிலும் நின்று, “அளவு தப்பு. தப்பு என்னோடது. இனிமே உங்க விரல், உங்க கால்” என்று சொன்னார். காலில் நரம்பு புடைக்க மூன்று மாடி. கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். இரண்டு பேரும் அடுத்த வகுப்புக்குப் போனோம்.

அதன்பிறகு நோட்டு மாறியது. ஏழு நான்கானது, எட்டு ஐந்தானது. எல்லோருக்கும் இல்லை. நால்வரில் ஒருத்திக்கு ஒன்றும் அசையவில்லை; அதையும் எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மாதம் முழுக்க வலி, இரண்டு முறை மயக்கம். அவளை அண்ணி தொடவே இல்லை. “இது அமுக்கிப் போற வலி இல்லம்மா” என்று டாக்டருக்குக் கடிதம் எழுதி, அவளுடைய அம்மாவை வரவழைத்துக் கையில் கொடுத்தார். மற்றவர்களில் பாதிக்கு மேல் அரை மணியில் எழுந்து வகுப்புக்குப் போனார்கள். அண்ணி சொன்னது அதுதான், அது நடந்துவிட்டது.

பருவ முடிவில் நோட்டை எடுத்துக்கொண்டு போனோம். முதல் இரண்டு மாதத்துக்கு மேலே சிவப்பு மையில் ‘இவை என் அளவுப் பிழையால் வந்த எண்கள்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அவருக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்கு சிஸ்டர். இதை நான் எதிர்பாக்கல.”

அண்ணியின் தோள் கொஞ்சம் இறங்கியது.

“இதுல நீங்க அமுக்கினது எத்தனை, அவங்களே அமுக்கிக்கிட்டது எத்தனை?”

“கடைசி ஒரு மாசம் எல்லாம் அவங்களேதான் மேடம். அவங்க விரல்தானே அளவு.”

“உக்காந்துகிட்டே செய்யலாமா?”

“செய்யலாம்.”

“ஆங்... இங்க நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. ‘மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், எங்கே இருந்தும் செய்யலாம்.’” விரலை அந்த வரியின் மேலேயே வைத்துக்கொண்டார். “அப்ப வகுப்புலயே செஞ்சுக்கலாமே. ரூம் எதுக்கு?”

அண்ணி வாயைத் திறந்தார். வெந்நீர்ப் பை என்றார். படுக்கணும், வாந்தி வரும், திரை வேணும் என்றார். ஒவ்வொன்றும் உண்மை, ஆனால் நோட்டில் எதற்கும் எண் இல்லை. தலைமையாசிரியை பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “நீங்க ஜெயிச்சிட்டீங்க சிஸ்டர், அதான் விஷயம். தோத்திருந்தா நானே யோசிச்சிருப்பேன்” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

அன்று வீட்டில், “அப்ப பாஸ் பண்ணதுக்கு பெஞ்சைப் பிடுங்கிட்டாங்க” என்றார் அண்ணன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தலைமையாசிரியைக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அண்ணி அதை வாங்கிப் படித்து, எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தி, மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

கட்டில்கள் மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின. அறைக் கதவில் ‘ஜெராக்ஸ்’ என்று பலகை வந்தது. அண்ணிக்கு நடைபாதையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அவர் பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அரையாண்டுப் பரீட்சை தொடங்கியது. நான் அன்று நோட்டுகளை எடுத்துப்போக வந்திருந்தேன். பதினோரு மணியிருக்கும். குருவி கணக்குப் பரீட்சை அறையிலிருந்து வெளியே வந்தாள். பின்னால் கணக்கு டீச்சர், கையில் அவளுடைய விடைத்தாள்.

“குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றா. என்னடி கால்லன்னு பாத்தா, இங்க் புள்ளி. ஏதோ எழுதி அழிச்சிருக்கா.”

“அது அமுக்குற இடம் டீச்சர்” என்றாள் குருவி. அவள் உதட்டில் ரத்தமே இல்லை. “எனக்கு வலிக்குது.”

“வலிச்சா போய்ப் படுக்கணும். ஹால்ல உக்காந்து மேசைக்குக் கீழ கை விடக்கூடாது.”

அண்ணி எழுந்தார். “எங்க போய்ப் படுக்கணும்?”

“அது உங்க டிபார்ட்மென்ட் சிஸ்டர்” என்றார் டீச்சர்.

அண்ணி குருவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே நடந்தார். நான் வெந்நீர்ப் பையோடு பின்னால் ஓடினேன். ஜெராக்ஸ் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுபவர் மத்தியானப் பரீட்சைக்கான கேள்வித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னும் எத்தனை பாக்கி?”

“நூத்தி இருபது சிஸ்டர்.”

“நிறுத்துங்க. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“ஹெச்.எம். என்னைத் திட்டுவாங்களே.”

“என்னைத் திட்டச் சொல்லுங்க.”

மெஷின்காரர் குருவியின் முகத்தைப் பார்த்தார். அச்சடித்த தாள்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மெஷினை நிறுத்திவிட்டு, போகும்போது மூலையிலிருந்த காலி அட்டைப்பெட்டிகளைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டும் போனார்.

பிரிக்காத காகிதக் கட்டுகளை நானும் அண்ணியும் தரையில் வரிசையாக அடுக்கி, மேலே பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம். குருவி சுருண்டு படுத்தாள். வெந்நீர் நிரப்ப நேரமில்லை; பையில் சுற்றியிருந்த துண்டை மெஷின் மேல் வைத்துச் சூடாக்கி வயிற்றில் போர்த்தினேன். அண்ணி என்னைப் பார்த்து, “தாழ்ப்பாள் போடு” என்றார். போட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, நரம்பு புடைத்த காலை நீட்டி, குருவியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“விரலை வை.”

குருவி தன் நான்கு விரலை வைத்துக் காட்டினாள். அதன் மேல் விளிம்பில் அண்ணியின் கட்டைவிரல் இறங்கியது.

கதவு தட்டப்பட்டது. தலைமையாசிரியையின் குரல்.

“சிஸ்டர், கதவைத் திறங்க. மத்தியானப் பேப்பர் ஓடணும்.”

“ஓடும் மேடம். இருபது நிமிஷம்.”

“இது ஜெராக்ஸ் ரூம் சிஸ்டர்.”

“போர்டைப் படிச்சேன் மேடம்.”

பிறகு கணக்கு டீச்சரின் குரல் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அண்ணி கையை எடுக்காமலே குரலை உயர்த்தினார்.

“மேடம், அந்த டீச்சர்கிட்ட இவளோட விடைத்தாள் இருக்கு. வாங்கி உங்க கையில வெச்சுக்குங்க. எந்திரிக்க முடிஞ்சா இவ வந்து எழுதுவா. முடியலைன்னா ஏன் முடியலைன்னு நான் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க. என்னைப் பத்தியும் எழுதுங்க.”

வெளியே தாள் ஒன்று கை மாறும் சரசரப்பு கேட்டது. கதவுக்குக் கீழே வெளிச்சக் கோட்டில் இரண்டு ஜோடிச் செருப்புகள் தெரிந்தன. ஒரு ஜோடி நகர்ந்து போனது. மற்றது அங்கேயே நின்றது.

“எத்தனை?” என்று கேட்டார் அண்ணி.

“எட்டு” என்றாள் குருவி, கண்ணை மூடிக்கொண்டே. “இல்ல... ஏழு.”

“மூச்சை விடு. மரியாதைக்குக் குறைக்காத.”

“ஏழுதான் சிஸ்டர்.”

அண்ணி அந்தக் காலை இறக்கி வைத்துவிட்டு, மறு காலை எடுத்தார்.